வீட்டுக்குக் கொண்டுவந்தால்தான் ரிப்பேர்

என் வீட்டுக்காரர் ஜெயப்பிரகாஷுக்கு உட்கார வராது. சாப்பிடும்போதுகூட ஒரு முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும். கம்ப்யூட்டரைத் திறந்து வைத்தால் மட்டும்தான் அந்தக் கால் நிற்கும். வேலை வராத நாளில் அவரோடு ஒரே வீட்டில் இருந்து பார்த்தால்தான் என் கஷ்டம் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் தேவதர்ஷினி வாயாடி, கோபக்காரி என்று யாரும் குறை சொல்லக் கூடாது. கோபக்காரிதான், இல்லையென்று நானும் சொல்லவில்லை.

கள்ளக்குறிச்சியில் ஒரு சர்வீஸ் கடையில் ஏழு வருஷம் வேலை பார்த்தார். கொரோனா வந்தது, முதலாளி ஷட்டரை இறக்கினார், இறக்கினது இறக்கினதுதான். கடையில் கிடந்த பழைய சாமான்களை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுத்து, "வூட்லயே வெச்சி செய்டா, உன் கைக்கு வேலை வரும்" என்று அனுப்பிவிட்டார்.

அன்றைக்கே எங்கள் முன்னறைக் கட்டில் வெளியே போனது. பழைய கதவு ஒன்றைச் செங்கல் மேல் ஏற்றி மேஜையாக்கினார். அதன்மேல் ஸ்க்ரூ டிரைவர் செட்டு, மல்டிமீட்டர், தூசி ஊதுகிற புளோயர், பெயின்ட் அடிக்கிற பிரஷ், ஒரு பாட்டில் ஸ்பிரிட், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் அழிரப்பர். "இது எதுக்குய்யா, வீட்டுப்பாடம் எழுதப் போறியா?" என்று கேட்டேன். ராம் என்று ஒரு சின்ன அட்டை கம்ப்யூட்டருக்குள் இருக்கிறதாம், அதன் பல்லை ரப்பரால் தேய்த்தால் செத்த மெஷினில் பாதி பிழைத்துக்கொள்ளுமாம். நான் நம்பவில்லை. அப்புறம் என் கண்ணாலேயே நாலைந்து பிழைத்ததைப் பார்த்தேன்.

வேலை தெரிந்த மனுஷன். அதில் குறை சொல்ல முடியாது. மெஷினைத் தொடும் முன்னால் ஜன்னல் கம்பியைத் தொடுவார், உடம்பில் இருக்கிற கரண்டை இறக்கி வைக்கிறாராம். உள்ளே இருக்கிற படம், பாட்டு, சர்டிபிகேட் எல்லாவற்றையும் வேறொன்றில் எடுத்து வைக்காமல் எதையும் அழிக்க மாட்டார். கரண்டு போனால் வேலை நிற்கக் கூடாது என்று, வீணாய்ப்போன யூபிஎஸ் இரண்டைப் பிரித்து ஒன்றாகச் சேர்த்து வைத்திருந்தார். எல்லாம் இருந்தது. வீடு இருக்கிற இடம்தான் தப்பாக இருந்தது.

எங்கள் ஊர் வடக்கனந்தலுக்குப் பக்கம். ஊர் ஒரு பக்கம், வாய்க்காலைத் தாண்டி எங்கள் தெரு. ஊர்க்காரர்கள் காலனி என்பார்கள். நாங்கள் அவர்கள் வயலில் களை வெட்டுவோம், கரும்பு வெட்டுவோம், ஆனால் எங்கள் வாசலில் அவர்களுக்கு ஒரு வேலையும் இருந்தது கிடையாது. கம்ப்யூட்டர் கெட்டுப்போனால் போன் வரும். "ஜெயப்பிரகாசு, டீக்கடையாண்ட சிபியு வெச்சிருக்கேன், எடுத்துனு போ." இவர் பைக்கில் போய், காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு வருவார். செய்து முடித்து மறுபடி டீக்கடையில் கொண்டுபோய் வைப்பார். ஒருத்தர் காலும் வாய்க்காலைத் தாண்டவில்லை.

கல்வராயன் மலைக்குப் போனால் அப்படி இல்லை. வெள்ளிமலைப் பக்கம் வாத்தியார் வீடுகளில் கூப்பிடுவார்கள். எறும்பு புற்று வைத்த மெஷினை எல்லாம் திறந்து சுத்தம் பண்ணிவிட்டு, அவர்கள் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வருவார். வந்த அன்றைக்கு ராத்திரி கால் ஆடாது. மறுநாள் ஊர்ப் போன் வரும், மறுபடி ஆட ஆரம்பித்துவிடும்.

இதில் ஒருநாள் பெரிய வம்பு. செல்லமுத்து என்று ஊரில் ஒருத்தர், உர மூட்டை ஏஜெண்டு. டீக்கடையில் அத்தனை பேர் நடுவில் நின்றுகொண்டு, "நாலு ஜிபி ராம் போட்ட மெஷினு, ரெண்டுதான் காட்டுது. மீதி ரெண்ட உருவிக்கினான்" என்று கத்தியிருக்கிறார். என் வீட்டுக்காரர் திரும்பிப் போனார். அங்கேயே பெஞ்சில் வைத்துத் திறந்தார். பைக் குலுக்கலில் ஒரு ராம் கழன்று நின்றிருக்கிறது. ரப்பரால் தேய்த்து அழுத்தினதும் நாலு காட்டியது. செல்லமுத்து "ஓ" என்றாராம். அவ்வளவுதான். மன்னிப்பு என்ற பேச்சே இல்லை.

வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னார். "இனிமே டீக்கடை கெடையாது. வூட்டுக்குக் கொண்டாந்தாதான் ரிப்பேரு. அவங்க கண்ணெதிரதான் திறப்பேன், உள்ள இன்னா இன்னா இருக்குன்னு நோட்டுல எழுதி கையெழுத்து வாங்குவேன். அவங்க கண்ணெதிரதான் மூடுவேன். தை முடியற வரைக்கும் பாக்கறேன். ஊர்லருந்து ஒருத்தரும் நம்ம வாசலுக்கு வரலன்னா திருப்பூருக்குப் போயிடறேன், பனியன் கம்பெனிக்கு."

"போயேன், யாரு வேணாம்னது" என்றேன். வாய்தான் சொன்னது. எங்கள் தெருவில் திருப்பூர் போன ஆம்பளைகள் தீபாவளிக்கு வருவார்கள், பொங்கலுக்கு வருவார்கள். மற்ற நாளெல்லாம் வீடு போன் வழியாகத்தான் நடக்கும். அந்தப் பிழைப்பு எனக்கு வேண்டாம்.

அது 2021 தை மாசம். அந்த வருஷம் ஊர் முழுக்க இட ஒதுக்கீட்டுப் பேச்சுதான். தனி ஒதுக்கீடு வேண்டும் என்று ஊர்க்காரர்கள் மனு கொடுத்தார்கள், கொடி கட்டினார்கள், மைக் வைத்த ஆட்டோ சந்து சந்தாகப் போனது. கேட்கட்டும், நான் ஏன் வேண்டாம் என்கிறேன்? களை வெட்டுகிறவள் வீட்டில் ஒரு டிப்ளமோக்காரர் இருக்கிறார் என்றால் ஒதுக்கீட்டால்தான், அதன் அருமை எனக்குத் தெரியாதா? ஆனால் கூட்டம் கூடினால் எங்கள் தெருவில் எல்லோருக்கும் ஒரு பதைபதைப்பு வரும். ஆம்பளைகள் வெளியே போனால் திரும்பி வரும்வரை பெண்கள் வாசலைப் பார்த்துக்கொண்டே வேலை செய்வோம்.

தை பாதி போனது. மலையிலிருந்து இரண்டு வேலை வந்தது. ஊரிலிருந்து போன் வந்தது, "வூட்டுக்குக் கொண்டாங்கண்ணா" என்று இவர் சொன்னதும் போன் வைக்கப்பட்டது. இவர் முன்னறைக்கும் வாசலுக்கும் நடந்தார். மேஜையைத் துடைத்தார், துடைத்த மேஜையையே திரும்பத் துடைத்தார். "அந்தக் கதவு தேஞ்சி ஓட்ட விழப்போவுது, உட்காருய்யா" என்று கத்துவேன். பெட்டியில் துணி எடுத்து வைத்துவிட்டாரா என்று அவர் இல்லாத நேரம் பார்ப்பேன்.

அன்றைக்கு ரோட்டு மறியல். எட்டு மணிக்கே கள்ளக்குறிச்சி ரோட்டில் பஸ் நின்றுபோனது. மறியலில் முன்வரிசையில் நிற்பவர் அறிவுச்செல்வன். கரும்பு, மரவள்ளி என்று நிறைய நிலம், ஊரில் அவர் பேச்சுக்கு மதிப்பு. ஒன்பது மணிக்கு அவரிடமிருந்து போன். "எம் பொண்ணு அபிநயாவுக்கு பத்து மணிக்கு ஆன்லைன்ல பரீட்ச. லேப்டாப்பு செத்துப்போச்சி. டீக்கடைக்கு அனுப்பறேன், வந்து பாருடா."

"வூட்டுக்குக் கொண்டாங்கண்ணா, அஞ்சு நிமிஷத்துல பாக்கறேன்."

"எந்த வூட்டுக்கு?"

"எங்க வூட்டுக்குத்தான்."

போன் கட்டாகிவிட்டது. எனக்கு வந்ததே கோபம். "யோவ், படிக்கிற புள்ள விஷயம்யா! மறியல்ல நிக்கிற ஆளுகிட்ட இன்னாத்துக்கு வம்பு? போய்த்தான் பாத்துட்டு வாயேன்!" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கால் ஆடிக்கொண்டிருந்தது.

பத்து நிமிஷம் ஆகியிருக்கும். வாய்க்கால் பாலத்தில் ஒரு பெண் ஓடி வருகிறாள், மார்போடு ஒரு பையை அணைத்துக்கொண்டு. அபிநயாதான். மூச்சு வாங்க, "அக்கா, கம்ப்யூட்டர் செய்றவங்க வூடு எது?" என்று என்னையே கேட்டாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கள்ளக்குறிச்சிக்குப் போக வழியை அவள் அப்பாதான் மறித்துக்கொண்டு நிற்கிறார், பாவம் அவள் எங்கே போவாள்?

பட்டனை அமுக்கினால் விளக்கு எரிகிறது, நாலு எண்ணுவதற்குள் அணைந்துவிடுகிறது. என் வீட்டுக்காரர் லேப்டாப்பை முகர்ந்து பார்த்தார். "இன்னாம்மா, சந்தனம் வாசன வருது?"

காலையில் அவள் அம்மா பரீட்சைக்கு முன்னால் சாமிக்கு வைத்துக் கும்பிட்டிருக்கிறார். ஆயுத பூஜைக்கு வைப்பது மாதிரி குங்குமம், குழைத்த சந்தனம். அதையும் நட்டநடுவில் வைத்தாலாவது போகட்டும், உயிர் கொடுக்கிற பட்டன் மேலேயே பெரிய பொட்டாக வைத்திருக்கிறார். சந்தனத் தண்ணீர் உள்ளே இறங்கி, அமுக்கின பட்டன் மேலே வராமல் ஒட்டிக்கொள்கிறது. யாரோ விடாமல் அமுக்கிக்கொண்டே இருக்கிறார்கள் என்று மெஷின் நினைத்து அணைந்துவிடுகிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண்ணும் அழுகையோடு சிரித்தாள்.

அவ்வளவு அவசரத்திலும் என் ஆள் நோட்டை எடுத்தார். திருகாணி பதினொன்று, ராம் ஒன்று, ஹார்ட் டிஸ்க் ஒன்று என்று எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கினார். பட்டன் இருந்த சின்னப் பலகையைக் கழற்றி ஓரம் வைத்தார். பட்டனுக்குப் பதிலாக இடுக்கி முனையால் எங்கேயோ ஒரு தொடு தொட்டார். திரை வந்து நின்றது.

"இப்ப இத தூக்கினு போவ முடியாதும்மா. பேட்டரி எப்பவோ போயிடிச்சி, ஒயர உருவினா நின்னுடும். இங்கயே யூபிஎஸ்ல போட்டு எழுதிடு."

மணி பத்தாக நாலு நிமிஷம். இவர் போனிலிருந்து நெட் கொடுத்தார், அவள் எங்கள் முன்னறையில் உட்கார்ந்தாள். அந்தப் பரீட்சைக்குக் கேமரா பார்த்துக்கொண்டே இருக்குமாம். பக்கத்தில் ஆள் தெரிந்தாலோ வேறு குரல் கேட்டாலோ காப்பி அடிக்கிறாள் என்று எழுதிவிடுமாம். நாங்கள் இரண்டு பேரும் வெளியே வந்துவிட்டோம். நான் ஆட்டுக்குட்டியைக் கொண்டுபோய் அடுத்த தெருவில் கட்டினேன். மைக் ஆட்டோ வந்தது, நடுரோட்டில் நின்று கும்பிட்டுத் திருப்பி அனுப்பினேன்.

அரைமணி நேரத்தில் அறிவுச்செல்வன் வந்தார். தோளில் துண்டு, முகம் கடுகடுவென்று. வாயைத் திறந்தார். நான் குறுக்கே போய் உதட்டில் விரலை வைத்தேன். "கத்தாதீங்க, பொண்ணு மாட்டிக்கும்" என்று மூச்சுக்குள் சொன்னேன். ரோட்டில் ஆயிரம் பேருக்குக் கோஷம் எடுத்துக் கொடுத்த மனுஷன், எங்கள் முருங்கை மரத்தடியில் அரைமணி நேரம் வாய் திறக்காமல் நின்றார். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை.

பரீட்சை முடிந்து பெண் வெளியே வந்தாள். "நல்லா எழுதிட்டேம்பா. நாளைக்கும் இருக்கு" என்றாள். என் வீட்டுக்காரர், "பட்டன் காயணும்ணா. சாயங்காலம் நீங்களே வாங்க, உங்க எதிர்லதான் மூடுவேன்" என்றார். அறிவுச்செல்வன் துண்டை உதறித் தோளில் போட்டார். மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஐந்து மணிக்குப் போன். டீக்கடைக்குக் கொண்டா என்று. இவர் மறுபடி அதையே சொன்னார். போன் கட். பொண்ணு வந்தது அவசரத்துக்கு, அதை வைத்து வாசல் திறந்துவிட்டது என்று சொல்ல முடியுமா? இவர் வாசலுக்கும் மேஜைக்கும் நடக்க ஆரம்பித்தார். எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. பெருக்கின இடத்தையே பெருக்கினேன்.

ஆறு மணி இருக்கும், அறிவுச்செல்வன் தனியாக வந்தார். வாசற்படிக்கு வெளியே நின்று கையை நீட்டினார். "குடு."

"எண்ணிப் பாத்துக்கோங்கண்ணா." இவர் ஒரு பாட்டில் மூடியில் திருகாணிகளைப் போட்டு நீட்டினார். அவர் நின்றபடியே எண்ணினார். பத்துதான் இருந்தது. நோட்டில் பதினொன்று, மகள் கையெழுத்தோடு.

"இன்னாடா, ஒண்ணு கம்மியா இருக்குது?"

அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குச் செல்லமுத்து ஞாபகம்தான் வந்தது. என் வீட்டுக்காரர் தரையில் மண்டி போட்டுத் தேட ஆரம்பித்தார். நான் செல்போன் லைட்டைப் பிடித்தேன். அறிவுச்செல்வன் கொஞ்ச நேரம் வாசலில் நின்று பார்த்தார். "தோ, அந்த செங்கல்லாண்ட பாரு... அங்க இல்லடா, இந்தாண்ட..." என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், பொறுக்க முடியாமல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அவரும் மண்டி போட்டார். இரண்டு பேர் தலையும் முட்டிக்கொண்டன. மேஜைக்கு அடியில் தரை வெடிப்பில் இருந்து அறிவுச்செல்வன்தான் எடுத்தார். "ஆப்டுச்சி!" என்று போட்ட சத்தம் பாலம் வரைக்கும் கேட்டிருக்கும். அப்படியே சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார்.

ஒவ்வொரு திருகாணியாக ஏறியது. இவர் கால் ஆடவில்லை. நான் அடுப்பங்கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அறிவுச்செல்வன் போன் அடித்தது. மறியல் ஆட்கள் யாரோ. எங்கே இருக்கிறாய் என்று கேட்டிருப்பார்கள்.

"பஸ் ஸ்டாண்டாண்ட இருக்கேன். தோ வந்துடறேன்" என்றார் அவர், எங்கள் சுவரில் சாய்ந்துகொண்டு.

என் வீட்டுக்காரர் கை நின்றது. தலை நிமிரவில்லை. அந்தக் குனிந்த தலையைப் பார்த்ததும் என் வாய் சும்மா இருக்குமா? தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரி குரல் கொடுத்தேன்.

"அறிவுச்செல்வன் அண்ணா! எங்க வூட்டு டீ குடிப்பீங்க இல்ல? சக்கர ஜாஸ்தியா, கம்மியா?"

போனுக்குள் இருந்த ஆள் "யார்ரா அது? எங்க கீற நீ?" என்று கேட்டது எனக்கே கேட்டது. அவர் போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பாதி மூடின லேப்டாப்பைப் பார்த்தார். போச்சு, கெடுத்துவிட்டேன், இப்போது எழுந்து போகப்போகிறார் என்று நினைத்தேன். துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"ஜெயப்பிரகாசு வூட்ல இருக்கேன்ப்பா. பொண்ணு லேப்டாப்ப மூடிக்கினு இருக்காரு. முடிச்சிட்டு வரேன்" என்று போனை வைத்தார். என் பக்கம் திரும்பி, "கம்மியா போடும்மா, சுகரு இருக்குது" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, வீட்டில் ஒரு சொட்டுப் பால் கிடையாது. சொம்பை எடுத்துக்கொண்டு பின்பக்கமாக ஓடினேன்.