தானியேல் பாஸான பரீட்சை

எங்கள் தெருவில் பிரின்சியைப் போல வாயாடி கிடையாது. தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை. அவள் போடுகிற சத்தத்துக்கே கிளம்பின பஸ் நின்று ஏற்றிக்கொண்டு போகும். அப்படிப்பட்டவளுக்கு, நாலு வயதாகியும் வாய் திறக்காத பிள்ளை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தானியேல் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். மாதாவுக்கு நேர்ந்துகொண்டு அவனுக்கு மொட்டை போட்டாள். ஒன்றும் ஆகவில்லை.

போன வருஷம், சென்னை டாக்டர்களும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றும் சேர்ந்து, குழந்தைகளின் மூளை வளர்ச்சிக் கோளாறுகளைப் பற்றி எங்கள் பக்கத்தில் ஆராய்ச்சி செய்யப்போவதாக அங்கன்வாடியில் சொன்னார்கள். படம் காட்டிச் சோதிப்பார்களாம். சேர்த்துக்கொண்ட பிள்ளைக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க வாராவாரம் வீட்டுக்கே ஆள் வருமாம்.

"எப்பிடியாவது இவன சேத்துடணும்க்கா. இத வுட்டா எனக்கு வேற வழியில்ல" என்று என்னிடம் புலம்பினாள்.

எங்கள் பக்கத்தில் கம்பெனி இன்டர்வியூ என்றால், உள்ளே போய் வந்தவனைப் பிடித்து "இன்னா கேட்டாங்க?" என்று விசாரித்துவிட்டுத்தான் அடுத்தவன் போவான். பிரின்சியும் அதையே செய்தாள். முதலில் சோதனைக்குப் போய்வந்த பக்கத்துத் தெரு மேரியிடம் கேட்டு, மாடு, பந்து, செருப்பு என்று அத்தனை படத்தையும் போனில் ஏற்றிக்கொண்டாள். எங்கள் தெருவின் முறை வரும்வரை தினமும் பிள்ளையை மடியில் அமுக்கி உட்காரவைத்து, "மாடு சொல்லு, மாடு" என்று உயிரை எடுத்தாள். அவன் அழுதான், இவளும் அழுதாள். ஒருநாள் சொல்லியே விட்டான். பிறகு மற்ற படங்களின் பெயரும் ஒவ்வொன்றாக வந்தது.

சோதனையன்று, ஆராய்ச்சிக்காரர்கள் அனுப்பின திலகவதி மேடம் படம் காட்டக் காட்ட, கடகடவென்று ஒப்பித்தான். பிரின்சி தெருவுக்கே சாக்லேட் கொடுத்தாள்.

மறுவாரம் மேடம் போனில் சொன்னார்: "பையன் நல்லா பேசுறாம்மா. பேச்சு வராத பிள்ளைங்களைத்தான் இதுல சேர்க்கிறோம்."

பெயிலானவனுக்குத்தான் இடம் என்று உலகத்தில் ஒரு பரீட்சை இருக்குமா? அதை முன்னாடியே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

"நான்தான் மேடம் சொல்லிக்குடுத்தேன். அவனுக்கு ஒண்ணுமே தெரியாது" என்று பிரின்சி கெஞ்சினாள். அந்த அம்மா மனமிரங்கி, அடுத்த வாரம் இன்னொரு தடவை பார்ப்பதாகச் சொன்னார்.

அன்று சாயங்காலம் நான் போனபோது, அவள் போனிலிருந்த படங்களை அழித்துக்கொண்டிருந்தாள். தெருவில் ஒரு மாடு போனது. யாரும் கேட்காமலே தானியேல் அதை நோக்கிக் கை நீட்டினான். பிறகு முதன்முதலாக அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்து, "மாடு" என்றான்.

பிரின்சி அவன் வாயைப் பொத்தினாள்.

"சொல்லாதடா ராஜா. அவங்க வந்துட்டுப் போறவரைக்கும் சொல்லாதடா" என்று கதறினாள்.