நான் மிதிக்காத வாசற்படி

போன வாரம் வகுப்பில் 'த்ரெஷோல்ட்' என்ற ஆங்கிலச் சொல் வந்தது. அர்த்தம் கேட்டார்கள். வாசற்படி என்றேன். ஒருத்தி எழுந்து, "வலி தாங்குற எல்லைன்னு சயின்ஸ் டீச்சர் சொன்னாங்களே" என்றாள். அதுவும்தான் என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்கு ஓடிவிட்டேன். திருச்சுழிக்கு பஸ் ஏறிப் போய் இத்தனை வருடமாக இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த ஒரு சொல்லை நின்று விளக்க எனக்குத் தெம்பில்லை.

எங்களுக்கு வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். வீட்டுக்குள் வாசற்படியைக் 'கடப' என்போம். குடும்பங்களை எண்ணுவதும் அந்தச் சொல்லை வைத்துத்தான். இதே அருப்புக்கோட்டையில், எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அக்காவைக் கட்டிக்கொடுத்த தெருவில் நாற்பது கடப என்றால் நாற்பது குடும்பம். 'வாசப்படி' என்ற தமிழ்ச் சொல் எங்கள் வாயில் சண்டையில்தான் வரும். உன் வாசப்படியை மிதிக்க மாட்டேன், என் வாசப்படி ஏறாதே. சண்டையை எப்போதும் தமிழில்தான் போடுவோம். நாலு பேருக்குக் கேட்க வேண்டுமே!

அக்கா புருஷன் ஆறு பவர்லூம் வைத்திருந்தான். மரியாதை கொடுத்து எழுத எனக்குக் கை வரவில்லை. கல்யாணமான மறு மாதமே அவன் கையை நீட்ட ஆரம்பித்தான். தறி ஓடுகிற சத்தத்தில் வெளியே கேட்காது. கேட்டாலும் யாரும் கேட்டதாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை நான் போனபோது அக்கா வாசற்படிக்கு மஞ்சள் பூசிச் சூடம் ஏற்றிக்கொண்டிருந்தாள். இடது கண் வீங்கி மூடியிருந்தது. நான் நேரே உள்ளே போய், சாப்பிட்டுக்கொண்டிருந்தவனை ஓங்கி அறைந்தேன். சோற்றுத் தட்டு பறந்தது. அவன் என் கொண்டையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வந்து தெருவில் தள்ளினான். முட்டி இரண்டும் கிழிந்து ரத்தம் கொட்டியது.

"இன்னொரு வாட்டி என் வாசப்படிய மிதிச்ச, கால ஒடிச்சுருவேன்!"

என் வாய் சும்மா இருக்குமா? எரிந்துகொண்டிருந்த சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தேன்.

"இந்த வாசப்படிய இனி நான் மிதிச்சா, எம்மக எனக்கு இல்லடா!"

சூடம் அணைத்துச் செய்த சத்தியத்தை எங்கள் பக்கம் யாரும் மீறத் துணிய மாட்டார்கள். மகளுக்கு அப்போது நாலு வயது. கை எரிச்சல் அடங்கும் முன்பே, என்ன காரியம் பண்ணித் தொலைத்தோம் என்று புரிந்துவிட்டது. அவனுக்கு இதைவிட வசதி ஏது? தட்டிக்கேட்க இருந்த ஒருத்தியும் தெருவோடு நின்றுவிட்டாள். மூன்று வருடம் அக்காவை வாசலுக்கு வெளியே நின்றே பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு காயம் இருக்கும்.

மாதத்துக்கு ஒருநாள் கரண்ட்டை நிறுத்துவார்கள். அப்படி எல்லாத் தறியும் ஓய்ந்திருந்த ஒரு சனிக்கிழமை காலை, அக்காவின் எதிர்வீட்டு அம்மா போன் செய்தார்.

"டீச்சர், ஒங்க அக்கா வீட்டுல இன்னைக்கு ரொம்ப ஓவரா இருக்கு. வந்து என்னன்னு பாருங்க."

அவருக்கு அந்த வீடு பத்தடி தூரம். எனக்கு இரண்டு தெரு. ஓடினேன். ஒவ்வொரு கடபயிலும் ஆள் நின்றது, ஒருவரும் இறங்கவில்லை. கதவு திறந்தே கிடந்தது. உள்ளே அக்கா குப்புறக் கிடக்க, அவன் இரும்பு ராடால் அடித்துக்கொண்டிருந்தான். முதுகில் அடித்தான், தோளில் அடித்தான், தலையை மறைத்த கையில் அடித்தான். மணிக்கட்டு முறிகிற சத்தம் தெருவுக்கே கேட்டது. அக்கா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"உள்ள வாடீ" என்றாள்.

காலைத் தூக்கினேன். மகள் முகம் வந்து நின்றது. காலை இறக்கிவிட்டேன்.

வாறுகால் தோண்ட வந்தவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். சாக்கடை ஓரம் அவர்கள் கடப்பாரை குத்தி நின்றது. அதைப் பிடுங்கி வந்து வாசற்படிக் கல்லின் மேல் இறக்கினேன். அவன் மண்டை என்று நினைத்துத்தான் இறக்கினேன். மூன்றாவது குத்தில் கல் பிளந்தது. இன்னும் நாலு குத்தில் மஞ்சள் பூசிய கல் துண்டு துண்டாகித் தெருவில் சிதறியது.

"ஐயையோ, வாசப்படிய ஒடைக்கிறா! பிடிங்க அவள!"

நாற்பது கடபயும் அப்போதுதான் இறங்கி ஓடி வந்தது. அக்காவை அடித்த அடிக்கு நகராத கால்கள் கல்லுக்காக ஓடி வந்தன. அவனும் அவளை விட்டுவிட்டு வெளியே பாய்ந்தான். "என் குடியவே இடிச்சுட்டாளே" என்று மார்பில் அடித்துக்கொண்டான். நாலு பேர் அவனை ஆறுதலாகப் பிடித்துக்கொண்டார்கள். வாசலில் வெறும் மண்தான் இருந்தது. நான் வெளியே நின்றபடி "வாக்கா, வாக்கா" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவள் ஒரு முழங்கையை ஊன்றி, ரத்தத்தில் வழுக்கி வழுக்கி, ஊர்ந்து வந்து சேர்ந்தாள்.

மறுநாள் கூடிய தெருக் கூட்டத்தில் வாசற்படியைப் பற்றி மட்டுமே பேசினார்கள். அக்காவின் கையைக் காட்டினேன். அது புருஷன் பொண்டாட்டி விவகாரமாம். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். கேஸ் இன்னும் நடக்கிறது.

அக்கா இப்போது என்னோடு இருக்கிறாள். எனக்குத் தெருவில் 'கடப்பாரை டீச்சர்' என்று பேர். அப்படி யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும். நேற்று காலை ஒருத்தி அதைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போனாள். அக்கா என் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள், கோணலாகச் சேர்ந்த அந்தக் கையால்.

"கடபதான் ஒடஞ்சு போச்சே" என்றாள், என்னைப் பார்க்காமல். "அதுக்கப்பறமும் நீ ஏன்டீ உள்ள வரல?"

மகளைப் பார்த்தேன். அக்காவும் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ரிப்பனை எடுத்து, பின்னலை முடித்துக் கட்டினாள்.