பதினொன்றரைப் பாட்டு

துப்பறிவதற்காக நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஓய்வூதியம் வாங்குகிற வயதில், மயிலாப்பூர்க் கடையொன்றில், கோடு போட்டதா போடாததா என்று தீவிரமாக யோசித்து, கோடு போட்டதாகவே வாங்கினேன். முதல் பக்கத்தில் 'ஃபெலிக்ஸ்' என்று எழுதி அடிக்கோடும் இட்டேன். குற்றம்: தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் பழைய ஆங்கிலப் பாட்டு அனுப்புவது. இது எந்தச் சட்டத்தில் குற்றம் என்று கேட்காதீர்கள். என் மனைவி ஏற்கெனவே கேட்டுவிட்டாள்.

"அவரு பாட்டு அனுப்புறாரு. நீங்க எஃப்.ஐ.ஆர். எழுதுறீங்க."

"உனக்கு அவனைத் தெரியாது" என்றேன். சந்தேகப்படுகிறவர்களுக்கு இந்த ஒரு வரி போதும், வாழ்நாள் முழுவதும் ஓட்டிவிடலாம்.

கல்லூரியில் கூடப் படித்தவர்களின் குழு அது. சர்க்கரை அளவு, பேரன் படம், பண்டிகை வாழ்த்து என்று நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தது. அதில் சாந்தோம் ஃபெலிக்ஸை யாரோ சேர்த்துவிட்டார்கள். யார் என்பது நோட்டில் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது, மூன்று பெயர்கள், மூன்றுக்கும் கேள்விக்குறி. எனக்கும் ஃபெலிக்ஸுக்கும் பேச்சு நின்று முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாகிறது. வந்தவன் வணக்கம்கூடச் சொல்லவில்லை. மறுநாள் காலை ஒரு பாட்டு. அதற்கு மறுநாள் இன்னொன்று.

மூன்றாவது பாட்டு வந்தபோது நான் அடையாறில் ரத்தப் பரிசோதனைக்குக் கை நீட்டியிருந்தேன். அங்கிருந்த பெண் பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு முழங்கை மடிப்பில் தேய்த்தாள். அதே நேரம் சட்டைப்பையில் ஃபோன் சிணுங்கியது. மற்றொரு கையால் எடுத்து அழுத்தினால், நடுவில் நாலு கைதட்டல் வருகிற அந்தப் பாட்டு. ஸ்பிரிட் வாசனையும் அந்தக் கைதட்டலும் ஒரே சமயத்தில் வந்தால் நான் எங்கே உட்கார்ந்திருப்பேன் என்கிறீர்கள்? ராயப்பேட்டையில்தான்.

"சார், கைய ஆட்டாதீங்க" என்றாள் அந்தப் பெண். தாளம் போட்டிருக்கிறேன்.

ராயப்பேட்டையில் ஒரு சந்துக்குள் பாய் ஒருவர் கடை வைத்திருந்தார். ரெக்கார்டிங் சென்டர் என்று பலகை. நாம் காலிக் கேசட்டும் பாட்டுப் பட்டியலும் கொடுக்க வேண்டும். பத்து நாள் கழித்துப் போனால் இசைத்தட்டிலிருந்து பதிந்து வைத்திருப்பார். எப்போது போனாலும் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து, கேசட் பதிகிற டெக்கின் ஹெட்டைத் துடைத்துக்கொண்டிருப்பார். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய பஞ்சு பாதி அங்கேதான் போகிறதோ என்று அப்போதே எனக்கொரு சந்தேகம்.

எனக்குப் பாட்டுகளின் பெயர் தெரியாது. கைதட்டுப் பாட்டு, மூக்கடைப்புப் பாட்டு, கடைசியில் கத்துகிற பாட்டு என்று நானே பெயர் வைத்திருந்தேன். ஃபெலிக்ஸின் அப்பா ஆங்கில வாத்தியார். வீட்டில் ரேடியோவும், ஆங்கிலத்தைத் தப்பாக எழுதினால் திட்டும் இருந்தன. ஆகவே நான் முனகுவேன், அவன் பெயரைக் கண்டுபிடித்து அழகான கையெழுத்தில் எழுதுவான். எது முதலில், எது ஏழாவது என்று பெசன்ட் நகர் மணலில் உட்கார்ந்து இரண்டு மாலை சண்டை போட்டோம். மொத்தம் பன்னிரண்டு.

பாய் பட்டியலைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இன்னா நைனா, பன்னெண்டு எழுதிக்கினு வந்துகீற. ஒரு பக்கம் நாப்பத்தஞ்சு நிமிசம். பதினொண்ணரைதான் அடங்கும்."

"அரைப் பாட்டு எதுக்கு பாய்? பதினொண்ணோட நிறுத்திடுங்க."

"துட்டு குடுத்த பக்கத்துல டேப்ப காலியா வுட சொல்றியா? கையி வராது நைனா."

அப்படித்தான் பன்னிரண்டாவது பாட்டு பாதியில் அறுந்தது. பாடகர் ஏதோ சொல்ல வாயெடுப்பார், டக்கென்று நின்றுவிடும். நாங்கள் அதையே முழுப்பாட்டாக ஏற்றுக்கொண்டோம். ஃபெலிக்ஸ் பாடிக்காட்டும்போதுகூட அந்த இடத்தில் வாயைத் திறந்தபடி நிறுத்துவான்.

இப்போது பல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேசட்டின் முதுகில் இரண்டு ஓரத்திலும் சின்ன பிளாஸ்டிக் பல் இருக்கும், பக்கத்துக்கு ஒன்று. அதை உடைத்துவிட்டால் ரெக்கார்டு பட்டன் கீழே இறங்காது, அந்தப் பக்கத்தை யாரும் அழிக்க முடியாது. பாய் தன் கையால் உடைக்கமாட்டார். பிறகு தகராறு வரும் என்று, உரிமையாளர்தான் உடைக்க வேண்டும் என்பது கடை வழக்கம்.

"பாட்டு கீற ஏ பக்கத்த உன்ன பாக்க நேரா புடி, லெப்ட்ல கீற பல்லு. உன் கேசட்டு, நீயே ஒட."

திரும்பி வரும் பஸ்ஸில் வீட்டுச் சாவியால் உடைத்தேன். சொத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட மாதிரி இருந்தது.

இரண்டு வாரத்தில் ஃபெலிக்ஸ் கேட்டான். "மச்சி, கேசட் குடேன். கிறிஸ்துமஸுக்கு சர்ச் கொயர் பிராக்டிஸ், நாங்க பாடறத புடிச்சு வீட்ல கேக்கணும்."

"எடுத்துக்கோ. பல்லு உடையாத பக்கம் காலிதான், அதுல என்ன வேணா புடிச்சுக்கோ" என்று வள்ளல்போலக் கொடுத்தேன்.

திரும்பி வந்த கேசட்டைப் போட்டேன். கைதட்டல் இல்லை, மூக்கடைப்பு இல்லை. ஓட்டி ஓட்டிப் பார்த்தால், முதலிலிருந்து கடைசிவரை இயேசு பிறந்துகொண்டிருந்தார், நாலு குரலில். நேராக சாந்தோமுக்குப் போனேன். கோயில் வாசலில் கொயர் ஆட்கள் எல்லாரும் நின்றிருந்தார்கள். எனக்கோ நாலு பேர் கூடியிருந்தால் வாய் சும்மா இருக்காது.

"உங்க பத்துக் கட்டளைல திருடாதேன்னு ஒண்ணு வருமே, அது மேலயும் ஏதாச்சும் ரெக்கார்ட் பண்ணிட்டியா ஃபெலிக்ஸ்?" என்றேன். "வேணும்னேதானடா அழிச்ச?"

இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. ஃபெலிக்ஸ் சிரிக்கவில்லை. என் கையிலிருந்த கேசட்டை வாங்கினான், திருப்பி அதன் முதுகைப் பார்த்தான், திருப்பிக் கொடுத்தான்.

"சாரி மச்சி" என்றான்.

குற்றவாளி ஒப்புக்கொண்டான் என்று வழக்கை முடித்துவிட்டேன். மறுபடி பாயிடம் போய்ப் பதிந்திருக்கலாம். போகவில்லை, தப்புச் செய்தவன் போகட்டும் என்று காத்திருந்தேன். அவன் வரவில்லை. அவனுக்குச் சேலத்தில் வாத்தியார் வேலை கிடைத்ததைக்கூட வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கேசட்டை மட்டும் சாட்சியப் பொருளாக வைத்துக்கொண்டேன், மூன்று வீடு மாறியும்.

நோட்டுக்கு வருவோம். நாலாவது பாட்டு மூக்கடைப்பு. ஐந்தாவது, ஆறாவது என்று மணலில் சண்டைபோட்ட அதே வரிசை, ஒன்றுகூட இடம் மாறவில்லை. இத்தனை வருடம் கழித்து எவனுக்கு வரிசை நினைவிருக்கும்? (எனக்கு இருந்தது. அது வேறு.) கேலி செய்கிறான் என்று எழுதினேன். பிறகு அதை அடித்துவிட்டு, 'அழிப்பதற்கு முன் பிரதி எடுத்திருக்கிறான்' என்று எழுதினேன். கிளப்பிவிட்டுக் குளிர்காய்கிறான், பொறுத்திருந்து பிடிப்போம் என்று குழுவில் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் கடைசிப் பாட்டு வந்தது. பாதியில் டக்கென்று நின்றது. பாடகர் வாயெடுக்கும் அதே இடம். முழுப் பாட்டும் இணையத்தில் இலவசமாகக் கிடக்கும்போது, அரைப் பாட்டு எங்கிருந்து வரும், அந்தக் கேசட்டின் பிரதியிலிருந்து தவிர?

"மாட்டினான்" என்று எழுந்தேன். "ஸ்டூலைப் புடி."

"விழுந்தா உங்க துப்பறியும் கம்பெனிய யாரு பாத்துப்பா?" என்றாள் மனைவி, பிடித்துக்கொண்டே.

லாஃப்டிலிருந்து கேசட் இறங்கியது. அட்டையில் ஃபெலிக்ஸின் கையெழுத்து, பன்னிரண்டு பெயர்கள். படிக்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஏ பக்கம் எனக்கு நேராக, எழுத்து நிமிர்ந்து தெரியும்படி பிடித்தேன். இடது பல் முழுசாக இருந்தது. உடைந்திருந்தது வலது.

கொஞ்ச நேரம் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அன்றைக்கு பஸ் ஆட்டத்தில் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு இடதை உடைத்திருக்கிறேன். காலிப் பக்கத்துக்குக் காவல் போட்டுவிட்டு, பாட்டிருந்த பக்கத்தைத் திறந்துவிட்டிருக்கிறேன். பல் உடையாத பக்கத்தில் பிடித்துக்கொள் என்றேன். அவன் சொன்னபடி செய்திருக்கிறான். பிரதியும் இல்லை, ஒன்றும் இல்லை; வரிசையைப் போலவே அறுந்த இடத்தையும் நினைவில் வைத்திருந்து, அவனே அங்கே வெட்டி அனுப்பியிருக்கிறான்.

அதைப் போட்டுக் கேட்க வீட்டில் எதுவும் இல்லை. டெக் எப்போதோ பழைய சாமான்காரரோடு போயிற்று. பாய் கடை இருந்த இடத்தில் இப்போது ஃபோன் உறை விற்கிறார்கள். ஸ்பிரிட் வாசனைக்கு நான் ரத்தம் கொடுக்க வேண்டியிருக்கிறது. பத்து நாள் காத்திருந்து ஒரு பாட்டுக் கேட்பதும், அறுந்த இடத்தோடு அதை நேசிப்பதும் இனி யாருக்கும் வாய்க்காது. அந்தக் கேசட்டுக்குள் இன்னும் இருபது வயது ஃபெலிக்ஸ், நாலு குரலில் ஒரு குரலாகப் பாடிக்கொண்டிருப்பான். நான் ஒருதடவைகூட முழுசாகக் கேட்டதில்லை.

உடைந்த பல்லைப் படமெடுத்து, குழுவில் அல்ல, அவனுக்குத் தனியாக அனுப்பினேன். ஜோக் எதுவும் வரவில்லை. "பல்லைத் தப்பா உடைச்சது நான்தான் மச்சி. உன் மேல தப்பே இல்ல. இன்னிக்குத்தான் பாத்தேன்" என்று எழுதினேன்.

படித்துவிட்டான் என்று நீல டிக் விழுந்தது. அவன் எழுதுவதாகக் காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. பிறகு வந்தது:

"அன்னிக்கே பாத்தேன், நீதான் கேக்கல."