சத்தம்னா என்ன சத்தம்?

"சத்தம் வருதுன்னா எப்படிங்க? என்ன சத்தம்? வாயாலே செஞ்சு காட்டுங்க."

தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவர் பெரிய மனிதராகத்தான் இருப்பார். தொண்டையைக் கனைத்துக்கொள்வார். பிறகு வெட்கத்தை விட்டு, "கட... கடகட..." என்பார். "கடகடவா, லொடலொடவா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க." அதற்கும் திணறினால் இருக்கவே இருக்கிறது கடைசி அஸ்திரம்: "போனை மெஷின் பக்கத்துல வைங்க. நீங்க பேசாதீங்க, அது பேசட்டும்."

வாஷிங் மெஷின் பழுதுபார்க்கும் கடையில் புகார் கேட்டுக்கொள்ளும் வேலை அவளுக்கு. மெக்கானிக்குகள் வைத்த பெயர் கடமுடா அக்கா. முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள், கோபித்துக்கொள்ள மாட்டாள். கடகட என்றால் உள்ளே ஊக்கோ பொத்தானோ சிக்கியிருக்கிறது. தடதட என்றால் மெஷின் சமமாக நிற்கவில்லை. கிறீச் என்றால் பெல்ட். நறநற என்றால் பேரிங் போச்சு, வீட்டுக்காரருக்குப் பக்குவமாகச் சொல்ல வேண்டும். அவள் சொல்லும் சொல்லை நம்பித்தான் மெக்கானிக் சாமானை எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்புவான். பாம்புச் செவி அவளுக்கு. பக்கத்து மேசைக்காரர் பல்லைக் கடித்தால்கூட, "என்ன சார், பேரிங் போச்சா?" என்பாள்.

போன வாரம் ஒரு மத்தியானம் கரண்ட் போனது. கடையில் ஓடிக்கொண்டிருந்தவை அத்தனையும் அடங்கின.

"அந்த ஃபேனை மட்டும் ஏம்பா நிறுத்தல?" என்றாள் அக்கா.

"கரண்டே இல்லக்கா, ஃபேன் எப்படி ஓடும்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள். ஆனால் அவள் காதில் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

வீட்டுக்குப் போனதும் பிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினாள். குழாயை இறுக்கினாள். சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி பேட்டரியை வெளியே எடுத்தாள். பஸ் ஓட்டிவிட்டு வந்து காலை நீட்டிப் படுத்திருந்த கணவர், இவளுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குக் கேக்குதா, இல்லையா?"

"என்ன கேக்குது?"

"அதான் தெரியல. உய்ங்னு... இல்ல, உய்ங் கொசு. ரொய்ங்னும் சொல்ல முடியாது. ங்ங்ங்னு... அடச்சே, அதுவும் இல்ல."

"நாள் பூரா இன்ஜின் பக்கத்துலயே உக்காந்திருக்கேன், எனக்கு எல்லாம் ஒரே சத்தந்தான். டாக்டர்கிட்ட போய் காதுல சத்தம்னு சொல்லு, போதும்."

"சத்தம்னா என்ன சத்தம்னு கேப்பாரே?"

"கேக்க மாட்டாரு."

"அதைக்கூடக் கேக்காதவரு என்ன டாக்டரு?"

ஊரார் வீட்டுச் சத்தத்துக்கெல்லாம் பெயர் சொன்னவளுக்குத் தன் சத்தத்துக்கு ஒரு பெயர் அகப்படவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது. காதிலா, தலைக்குள்ளா, வெளியே எங்காவதா? காதைப் பொத்தினால் கூடுகிறது. கையை எடுத்தால் குறைகிறதா, குறைகிற மாதிரி இருக்கிறதா? பாழாய்ப்போனது, அதுவும் தெரியவில்லை.

நேற்று ஒருவர் போனை மெஷின் பக்கத்தில் வைத்தார். கிறீச் என்று கேட்டது. அது அதனுடைய சத்தமா, தன்னுடையதா? பிரிக்கத் தெரியாமல், "பெல்ட்தான்" என்று சொல்லிவிட்டாள். பெல்ட்டோடு போன மெக்கானிக் அதே பெல்ட்டோடு திரும்பி வந்தான். பேரிங்காம். முதலாளி அவளை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான். அவள் தொழிலே காதுதான். அது போனால் இந்த நாற்காலியும் போச்சு.

இன்று சாப்பாட்டு வேளையில் கடை காலியானதும், அதே மெக்கானிக்குக்கு போன் போட்டாள்.

"சொல்லுங்கக்கா, எந்த வீடு?"

"வீட்டை விடு. ஒரு சத்தம் கேட்டுச் சொல்லுப்பா. எனக்குப் பிடிபடல."

"போனை மெஷின் பக்கத்துல வைங்க."

அக்கா போனைத் திருப்பி, பேசும் பக்கத்தைத் தன் இடது காதோடு ஒட்டிவைத்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போனைச் சரியாகப் பிடித்து, "என்ன சத்தம்பா?" என்றாள்.

"ஒண்ணுமே கேக்கலக்கா. மெஷினைப் போட்டீங்களா, இல்லையா?"

"ஓடிக்கிட்டுத்தாம்பா இருக்கு. இரு, இந்தப் பக்கம் வைக்கிறேன்," என்று சொல்லிவிட்டு, அக்கா போனை வலது காதுக்கு மாற்றினாள்.