பொட்டு வைத்த மெஷினும் கேட்டில் நின்ற வண்டியும்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அதை மறைத்துப் பேசும் பழக்கம் எனக்கில்லை. படித்தவர்கள் நாலு பேர் இருக்கும் இடத்தில் முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவேன். ஒரகடத்தில் ரோடு அகலமாகி, கம்பெனிகள் காம்பவுண்டு சுவர் எழுப்ப ஆரம்பித்த புதிதில், எங்கள் ஊரில் நிலம் விற்ற கையோடு எல்லோரும் கார் வாங்கினார்கள். நான் பவர் பிரஸ் வாங்கினேன். கார் வாங்கியவர்கள் இன்று படப்பையில் ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டுகிறார்கள். என் ஷெட்டில் வரிசையாக பிரஸ் ஓடியது. தகட்டை வைத்து அடித்தால் ஒரே அடியில் வளைந்து, துளை விழுந்து, கார் சீட்டுக்கு அடியில் போகும் பிராக்கெட்டாக வெளியே வரும். இந்த வட்டாரத்தில் காரில் போகிறவர்களில் பாதிப் பேர் என் பிராக்கெட்டின் மேல்தான் உட்கார்ந்து போகிறார்கள். அது அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட என்னை சோப்பு டப்பா அளவுக்கு ஒரு பொருள் கேட்டுக்கு வெளியே நிற்க வைத்தது. அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. எழுதினாலாவது அடங்குமா என்று பார்க்கிறேன்.

நான் சப்ளை செய்தது சீட் தயாரிக்கும் ஒரு கம்பெனிக்கு. அவர்கள் ஒரு நாள் என் போன்ற சப்ளையர்களையெல்லாம் ஹோட்டல் ஹாலில் கூட்டி, இனிமேல் ஆர்டர், கணக்கு எல்லாம் கிளவுடில்தான் என்றார்கள். மழை வருமா என்று கேட்கும் ஜோக்கைப் பக்கத்து நாற்காலிக்காரர் அடித்து முடித்துவிட்டார். அதனால் நான் வேறு கேள்வி கேட்டேன்.

"என் கணக்கு எந்த ஊர்ல கீது சார்?"

கழுத்தில் டை கட்டிய சாஃப்ட்வேர்காரர் சிரித்தார். "அது எங்க இருந்தா என்ன சார்? நீங்க எங்கருந்து வேணா பாக்கலாம்."

"நான் பாக்கறது இருக்கட்டும். வேற யாரெல்லாம் பாப்பாங்க?"

"கஸ்டமர் பாப்பாங்க. ட்ரான்ஸ்பரன்சி சார்."

அடுத்தவன் அடுப்படியில் எட்டிப் பார்ப்பதற்கு இங்கிலீஷில் இப்படி ஒரு பெயர் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவர் விடாமல் பேசினார். சொந்தமாகக் கம்ப்யூட்டர் சர்வர் வாங்க வேண்டாம், மாதாமாதம் வாடகை கட்டினால் போதும். மெஷினில் ஒரு சின்ன டப்பாவை மாட்டினால் மெஷினே நேராக சிஸ்டத்தோடு பேசும். வருங்கால வியாபாரம் எல்லாம் இப்படித்தான் என்றார். நிலத்தையே சொந்தமாக வைத்திருந்தவனிடம் வந்து வாடகையை வருங்காலம் என்று விற்றார். வேண்டாம் என்று சொல்ல முடியாது. டப்பா இல்லாத மெஷினுக்கு ஆர்டர் இல்லை என்பது கம்பெனியின் முடிவு.

அந்த டப்பாவை கம்பெனிக்கு பிராக்கெட் அடிக்கும் பிரஸ்ஸின் பக்கவாட்டில் திருகினார்கள். அதற்கு மூக்குப்பொட்டு அளவில் ஒரு கண் உண்டு. பிரஸ் இறங்கும் ஒவ்வொரு அடியையும் அந்தக் கண் பார்த்து எண்ணும். உள்ளே இருக்கும் சிம் கார்டு அந்த எண்ணிக்கையை எங்கோ அனுப்பும். மெஷின் ஓடினால் கம்பெனி ஆபீஸ் திரையில் பச்சை, நின்றால் சிவப்பு. காரணம் சொல்லாமல் ஒரு ஷிஃப்ட் முழுக்கச் சிவப்பாக இருந்தால், சிஸ்டமே அந்த மாதத்து ஆர்டரை அடுத்த சப்ளையருக்குத் தூக்கிக் கொடுத்துவிடும். "நடுவுல மனுஷனே தேவையில்ல" என்று அதைத்தான் அவர் பெருமையாகச் சொன்னார். அப்போதே எனக்குச் சுருக்கென்றது.

ஆயுத பூஜை வந்தது. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சுங்குவார்சத்திரம் வரை அன்று ஓடும் மெஷினைக் காட்டுங்கள் பார்ப்போம். நாங்கள் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, ஒவ்வொரு பிரஸ்ஸுக்கும் மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, அமர்க்களமாகக் கொண்டாடினோம். சந்தனக் கிண்ணத்தை நானேதான் கையில் எடுப்பேன். அந்த வேலையை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. மெஷினுக்குப் பொட்டு, டை அச்சுக்குப் பொட்டு, ஸ்பேனருக்குப் பொட்டு, ஃபேன் சுவிட்சுக்கும் பொட்டு. டப்பாவும் என் ஷெட்டில் வேலை செய்கிற ஒன்றுதானே? தாராளமாகவே வைத்தேன்.

பூஜைக்கும் விஜயதசமிக்கும் லீவு. அதை சிஸ்டத்தில் முன்கூட்டியே போட்டிருந்தார்கள். மறுநாள் காலையிலிருந்து பிரஸ் ஓடிக்கொண்டே இருந்தது. அதற்கும் அடுத்த நாள், சரக்கை ஏற்றிய எங்கள் குட்டி யானை வண்டி கம்பெனி கேட்டிலிருந்து எனக்கு போன் செய்தது. டிரைவர்தான் பேசினார்.

"மொதலாளி, உள்ள வுட மாட்டேன்றாங்க. ஆர்டரே இல்லியாம்."

பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். கேட்டை ஒட்டிய அறையில் பர்ச்சேஸ் அதிகாரி இருந்தார். என் மகன் வயது, மதுரைப் பக்கத்துக்காரர், மரியாதையான மனிதர்.

"ஐயா, உங்க மெஷின் நேத்துலருந்து ஓடவே இல்லையே. சிஸ்டத்துல ஜீரோன்னு காட்டுது."

"ஓடலியா? அப்ப வண்டில கீறது இன்னா, செங்கல்லா?"

"சரக்கு இருக்குங்கய்யா. ஆனா சிஸ்டம் ஆர்டரை மாத்திருச்சு. வடக்க இருக்க சப்ளையருக்குப் போயிருச்சு."

"நீ மாத்துனியா?"

"இல்லைங்கய்யா."

"உன் பெரியவரு மாத்துனாரா?"

"யாரும் மாத்தலைங்கய்யா. அதுவா மாறிருச்சு."

அந்த பிராக்கெட்தான் என் ராத்திரி ஷிஃப்டுக்குச் சோறு. ராமநாதபுரத்திலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வந்து, ஒரு ரூமுக்கு ஆறு பேராகத் தங்கி, அதை நம்பி வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆர்டர் போனால் அவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு வேறு கேட்டைத் தேடிப் போய்விடுவார்கள். நல்ல பிரஸ் ஆளைப் பழக்குவது எவ்வளவு பெரிய பாடு என்று அந்தத் திரைக்குத் தெரியுமா? தவறினால் விரல் போகிற வேலை அது.

அந்த நேரத்தில் என் சூப்பர்வைசர் போன் செய்தார். திருநெல்வேலிக்காரர், எதற்கும் அலட்டிக்கொள்ளாதவர்.

"மொதலாளி, டப்பாவப் பாத்தேன். நீங்க வச்ச சந்தனம் கண்ணு மேல காஞ்சி கெடக்கு. அதுக்கு ஒண்ணும் தெரியல."

"தொடச்சிட்டியா?"

"தொடச்சாச்சி. இப்பம் நல்லா முழிச்சிப் பாக்கு."

அதிகாரியிடம் அப்படியே சொன்னேன். முதலில் அவர் வாயைப் பொத்திக்கொண்டார், அப்புறம் முடியாமல் சிரித்துவிட்டார். "ஐயா, சென்சார்ல போய் யாராவது சந்தனம் வைப்பாங்களா?"

நான் அவருடைய மேஜையைப் பார்த்தேன். கம்ப்யூட்டர் திரையின் நெற்றியில் சந்தனம், அதன் மேல் குங்குமம், ஓரத்தில் வாடிய சாமந்தி.

"இது யாரு வெச்சது சார்?"

அவர் சிரிப்பு நின்றது. "நாந்தாங்கய்யா."

"நீ வெச்சா பக்தி, நான் வெச்சா தப்பா? ஒரு பூஜை தாங்காத பொட்டிய தமிழ்நாட்ல கொண்டாந்து மாட்டினவன் படிச்சவனா, நானா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு சிஸ்டத்தில் புகார் டிக்கெட் போட்டிருப்பதாகச் சொன்னார். யாரிடம் என்று கேட்டேன். ஒரு டீம் என்றார். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டேன். தெரியாது என்றார். எனக்குப் பொறுக்காமல் போனது இதுதான். என் ஷெட் அங்கிருந்து பைக்கில் பத்து நிமிடம். சரக்கு கண்ணெதிரே நிற்கிறது. அவருக்கும் நடந்தது புரிகிறது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே தமிழில் பேசிக்கொள்கிறோம். ஆனாலும் எங்கள் இருவராலும் ஒன்றும் செய்ய முடியாது. முகம் தெரியாத யாரோ எங்கிருந்தோ பட்டனைத் தட்ட வேண்டும். முன்பெல்லாம் ஏதாவது தப்பு நடந்தால், சட்டையைப் பிடித்துக் கேட்க எதிரே ஒரு ஆளாவது இருந்தான்.

"ஒரு போன் பண்ணியிருந்தா சொல்லியிருப்பேன்ல சார்?"

"சிவப்பு காட்டினா நாங்க பேசக்கூடாதுன்னு ப்ராசஸ்ங்கய்யா. ஆளுக்கு ஆள் சலுகை காட்டிருவோமாம்."

"அப்ப வண்டிய எடுக்க மாட்டேன். உன் ப்ராசஸ வந்து எடுக்கச் சொல்லு."

செக்யூரிட்டி வந்து சத்தம் போட்டார். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. வண்டிச் சாவியை என் வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு ஓரக்கல்லில் உட்கார்ந்தேன். இந்த வயதுக்கு அடம் அழகில்லை என்பார்கள் சிலர். அடம் இல்லாமல் பிரஸ் வாங்கியிருக்க முடியாது. மதியம் அதிகாரி தன் பெரியவரை அழைத்துக்கொண்டு வந்தார். அவர் சரக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையாலேயே ஒரு கேட் பாஸ் எழுதிக் கொடுத்தார். கையெழுத்தைப் பார்த்ததும் எனக்கு அரைவாசி கோபம் இறங்கியது.

மீதி அரைவாசி இறங்கவே இல்லை. அந்த மாத ஆர்டரில் பாதியை வடக்கத்திக்காரர் ஒப்புக்கொண்டுவிட்டார். அதைத் திருப்ப முடியாது என்று டிக்கெட்டுக்குப் பதில் வந்தது. திருப்பித் தந்த பாதியில் ராத்திரி ஷிஃப்ட் நிற்காது. மறுநாளே, அடித்து வைத்த பிராக்கெட்டுகளில் நல்லதாக ஒன்றிரண்டைப் பையில் போட்டுக்கொண்டு நானே கிளம்பினேன். இருங்காட்டுக்கோட்டையில் கதவுக் கீல் வாங்கும் ஒரு முதலாளி இருந்தார், என்னைப் போல் கீழேயிருந்து வந்தவர். பிராக்கெட்டை வாங்கி, ஓரத்தில் கட்டை விரலால் தடவினார். பிசிறு இல்லை. "நம்ம கீலும் அடிச்சிக் குடுப்பியாபா?" என்றார். வாழ்க்கையில் நான் செய்த வியாபாரமெல்லாம் இப்படித்தான். ஐந்தே நிமிடம்.

எழுந்திருக்கும்போது அவர் சொன்னார்: "உன் மெஷின்ல டப்பா கீதாமே? நாங்களும் கிளவுடுக்குப் போறோம். அதையும் ஒப்பந்தத் தாள்ல சேத்து எழுதிக்க."

நான் மறுபடியும் உட்கார்ந்தேன்.

"எழுதிக்கலாம். ஆனா ஆர்டர வெட்டறதுக்கு முன்னாடி ஒரு மனுஷன் எனக்கு போன் போடணும். அதையும் அதே தாள்ல எழுதணும்."

அவர் பலமாகச் சிரித்தார். "இன்னா பெருசு, அந்தப் பொட்டிக்கு ஆள் வெச்சி பேசச் சொல்றியா?"

நான் சிரிக்கவில்லை. ராத்திரி ஷிஃப்ட் போகிறவர்கள் அன்று சாயங்காலம் என்னிடம் பதில் கேட்பார்கள். ஆனாலும் கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அவர் உள்ளே திரும்பி, டைப் அடிக்கிறவரைக் கூப்பிட்டு, "அந்தத் தாள்ல இன்னொரு வரி சேரு" என்றார்.