கூட்டக்குறிப்பின் நான்காவது நிரல்

புத்தளத்தின் கடல்நீர் ஏரியான களப்பை ஆராய, நான் வேலை பார்த்த நிலையம் ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமானது. சண்டை முடிந்த பிறகு கற்பிட்டிப் பாதையில் கட்டப்பட்டது. நீர் மாதிரிகளைச் சோதிப்பது என் வேலை. ஒவ்வொரு போத்தலிலும் எடுத்த இடம், நேரம், ஆழம், எடுத்தவர் பெயர் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் போத்தலைக் கவிழ்த்து ஊற்றிவிடுவேன்.

அங்கே துப்புரவு வேலை செய்த, அக்கா முறையில் நாங்கள் ராத்தா என்று கூப்பிட்டவர், தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரையும் விரட்டியபோது தாயின் கையைப் பிடித்துக்கொண்டு புத்தளம் வந்தவர். அவருக்குச் சம்பளம் கொடுத்தது பல்கலைக்கழகம் அல்ல, துப்புரவு ஒப்பந்தம் எடுத்த ஒரு கம்பனி. பத்து மணித் தேநீரை அவர் ஒருநாளும் குடிப்பதில்லை என்பதைக் கவனிக்க எனக்கு ஏழு மாதம் எடுத்தது.

"நோன்பா ராத்தா?"

"நோன்பு இல்ல மிஸ். குடிச்சா போகோணும். எங்க போறது?"

பெண்களுக்கான ஒரே மலசலகூடம் மேல்மாடியில் இருந்தது. அதன் பூட்டுத் திறப்பு நிலையப் பணிப்பாளரின் மேசையில். உத்தியோகத்தர்கள் கேட்டால் கிடைக்கும். ராத்தா அதைக் கழுவுவதற்கு மட்டும் வாங்கலாம், கழுவியதும் பூட்டிக் கொடுத்துவிட வேண்டும். இரண்டு தடவை சிறுநீர்த் தொற்று வந்து ஆஸ்பத்திரிக்குப் போனதையும் அன்றுதான் சொன்னார்.

அந்த மாதம் பிரதான வளாகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. சமத்துவம் பற்றியும் வேலைத்தலப் பண்பாடு பற்றியும் ஒவ்வொரு பிரிவும் மனம்விட்டுக் கதைக்க வேண்டும், கடைநிலை ஊழியர்களும் இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. பணிப்பாளர் அதைச் சடங்காக எடுத்துக்கொள்ளவில்லை. கதிரைகளை வட்டமாகப் போடச் சொன்னார். யார் என்ன சொன்னார் என்பது இந்த அறைக்கு வெளியே போகாது என்றார். எனக்குத் தமிழ், சிங்களம் இரண்டும் வரும் என்பதால் மொழிபெயர்ப்பும் கூட்டக்குறிப்பும் என் பொறுப்பு.

கூட்டத்துக்கு முதல்நாள் ராத்தாவிடம் பேசினேன்.

"நீங்களே சொல்லுங்களேன் மிஸ். எனக்கு எதுக்கு இந்த வேல?"

"நான் சொன்னா பத்தோட பதினொண்டாப் போயிரும். நீங்க சொன்னாத்தான் விளங்கும். பேர் வெளியில போகாது எண்டு சேர் சொல்லிட்டார்."

"நீங்க சொன்னாச் சரி" என்றார்.

கூட்டத்தில் வட்டத்தைப் பார்த்த எங்கள் நிலையத்துப் படகோட்டி, "இதென்ன, சங்கீதக் கதிரையா? ஒண்டு குறையுதே" என்றார். சிரித்தோம். வாகனம் நிறுத்த நிழல் இல்லை, இணையம் மெதுவாக இருக்கிறது, களத்துக்குப் போகும் நாளில் சாப்பாடு பிந்துகிறது என்று கதை போனது. ராத்தா கதவுக்குப் பக்கத்தில் கதிரையின் நுனியில் இருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் எழுந்து நின்றார். இருந்துகொண்டே சொல்லலாம் என்று பணிப்பாளர் சொன்னதும் பாதி இருந்தார்.

"அந்த டொய்லட்ட நாந்தான் கழுவுறன் சேர். ஆனா எனக்குப் போக ஏலாது. காலையில ஏழு மணிக்கு வந்தா, பின்னேரம் வீட்ட போய்த்தான்."

ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொல்லவில்லை, அங்கே ஆண்கள் இருந்தார்கள். சிங்களத்தில் சொல்லி முடித்தேன். பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுநாள் காலை நடைபாதைச் சுவரில் அவரே ஆணி அடித்துத் திறப்பைத் தொங்கவிட்டார்.

நான் கூட்டம் முடிந்த இரவே கூட்டக்குறிப்பை அட்டவணையாக முடித்திருந்தேன். இலக்கம், விடயம், தீர்மானம், முன்வைத்தவர் என்று நான்கு நிரல்கள். நான்காவதை வேண்டுமா என்று யோசித்ததாக நினைவில்லை. எங்கிருந்து வந்தது என்று எழுதாத தரவு எனக்குத் தரவே அல்ல. ஐந்தாம் இலக்கமான மலசலகூட விடயத்துக்கு நேரே ராத்தாவின் முழுப் பெயரை, எழுத்துப் பிழையில்லாமல், எழுதினேன். பணிப்பாளர் வாசித்துக் கையொப்பமிட்டார். சம்பந்தப்பட்டவர்களுக்கு அனுப்புங்கள் என்றார். துப்புரவு சம்பந்தப்பட்டது என்பதால் கம்பனிக்கும் மின்னஞ்சல் செய்தேன்.

அடுத்த கிழமை வேறொரு பெண் துடைப்பத்துடன் நின்றார்.

ராத்தாவின் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் சாக்கு விரித்துக் கருவாடு தரம் பிரித்துக்கொண்டிருந்தார். ஒரு கதிரையைத் துடைத்துப் போட்டார்.

"நிப்பாட்டல்ல மிஸ். மாத்தினாங்க. வண்ணாத்திவில்லுப் பக்கம் ஒரு ஒப்பிசுக்கு. ரெண்டு பஸ் மாறோணும். இவரப் படுக்கையில விட்டுட்டு நான் எப்பிடிப் போற?" உள்ளே அவருடைய கணவர் இருமுவது கேட்டது. "கம்பனி மேற்பார்வையாளர் அந்தக் கூட்டக் கடதாசியக் காட்டினார். 'நீங்க நல்லாக் கதைக்கிறீங்களாமே, பெரிய இடமாப் பாத்து அனுப்புறம்' எண்டு ஒரே சிரிப்பு."

"பேர எழுதினது நான்தான் ராத்தா."

"தெரியும். கீழ உங்கட பேரும் இருந்திச்சு."

பணிப்பாளரிடம் கேட்டிருந்தேன். அவருக்கு உண்மையில் வருத்தம். ஆனால் கம்பனி தன் ஆட்களை மாற்றுவதில் தலையிட ஒப்பந்தத்தில் இடமில்லை என்றார். கம்பனியின் தலைமை அலுவலகத்துக்கு நானே ஒரு கடிதம் எழுதிப் பார்க்கட்டுமா என்று ராத்தாவிடம் கேட்டேன்.

"வேணாம் மிஸ்." கருவாட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. "நீங்க ஒண்டும் எழுத வேணாம்."

தேநீர் தந்தார். குடித்துவிட்டு வந்தேன்.

மூன்று மாதத்தில் இரண்டாவது கூட்டம். அதே வட்டம், தின்ன அதே பட்டிஸ். கூட்டக்குறிப்பில் இனி மூன்று நிரல்தான் என்று நான் அறிவித்தேன். படகோட்டி கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பணிப்பாளர் புதிதாக வந்த பெண்ணின் பக்கம் திரும்பி, ஏதாவது சிரமம் இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார். கழுவுவதற்குத் தவிர, புதியவர் அந்தத் திறப்பை ஆணியிலிருந்து ஒருநாளும் எடுத்ததில்லை. ராத்தாவைப் போலப் பத்து மணித் தேநீரையும் எடுப்பதில்லை. இரண்டையும் நான் கவனித்திருந்தேன்.

அந்தப் பெண் பணிப்பாளரைப் பார்க்கவில்லை. என் மடியில் இருந்த கூட்டக்குறிப்புக் கொப்பியைப் பார்த்தார்.

"ஒரு கொறையும் இல்ல மிஸ். எல்லாம் நல்லம் எண்டு சொல்லுங்க."

அப்படியே சிங்களத்தில் சொன்னேன்.