மஞ்சள் சாயத்துக்கு அடியில்

வெள்ளம் வடிந்தபோது செல்வராணி வீட்டுச் சுவரில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு இருந்தது. பன்னிரண்டாம் நாள் அதன்மேல் மஞ்சள் சாயம் அடித்துவிட்டார்கள்.

மலேசியாவின் லாபிஸ் நகருக்கு வெளியே, கம்பம் என்று சொல்லும் ஆற்றோரக் கிராமத்தில் அவருடைய பலகை வீடு. வயது ஐம்பத்தாறு. செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் வேலை. கணவர் ஜெயபாலன் லோரி ஓட்டியவர். இனிப்புநீர் நோயால் அவருடைய வலது காலை எடுத்திருந்தார்கள். மார்ச்சில் வெள்ளம் வந்தபோது அவர் மருத்துவமனையில் இருந்தார். வெளியே விட்டபோது வீட்டுத் தரைப்பலகை முழுக்க ஊறி இற்றுப்போயிருந்தது. சக்கர நாற்காலியை உருட்டினால் சக்கரம் உள்ளே இறங்கிவிடும். அவரை ஸ்கூடாய் நகரில் இருந்த அவருடைய தங்கை பிரேமலா வீட்டுக்குத் தூக்கிப்போனார்கள். மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை.

தரை மாற்ற அரசாங்க உதவி உண்டு. கம்பத்துக் குழு வீடு வீடாக வந்து, தண்ணீர்க் கோட்டைப் படம் பிடித்துப் பெயர் எழுத வேண்டும். குழு ஆளுங்கட்சிக்காரர்களுடையது.

எதிர்க்கட்சி முந்திக்கொண்டது. கிளைத் தலைவர் ரூபேந்திரன் பேனரும் இருபது ஆட்களுமாக வந்து இறங்கினார். முதலில் சுவரைச் சோப்புப் போட்டுத் தேய்த்தார்கள்.

"தம்பி, சாயம் கிடக்கட்டும். பலகையைப் பாருங்க," என்றார் செல்வராணி.

"பலகைக்குப் பணமில்லக்கா. சாயத்துக்குத்தான் ஸ்பான்சர் கிடைச்சாங்க. கொஞ்சம் சிரிங்க, படம் எடுக்கிறாங்க."

சிரித்தார். சும்மா வந்து வேர்வை சிந்துகிறவர்களிடம் வேறு என்ன செய்வது?

இரண்டு நாள் கழித்துக் குழுச் செயலாளர் சுகுமாறன் ஃபாரத்தோடு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"கோடு எங்கக்கா?"

"சாயத்துக்கு அடியில இருக்கு."

"அப்போ பலகையையும் அவங்ககிட்டயே கேளுங்க."

"நீதானே தம்பி என்னைப் படகுல ஏத்தின? தண்ணி எங்க நின்னுச்சுன்னு உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். ஃபாரத்துக்குப் படம் வேணும்லா. மஞ்சச் சுவரைப் படம் பிடிச்சு அனுப்புனா மேல இருக்கிறவன் என்னையில்ல ஏசுவான்?"

செல்வராணி ரூபேந்திரனுக்குப் போன் போட்டார். அவருக்கு உற்சாகமாகிவிட்டது. "பார்த்தீங்களா இவங்க அரசியலை! இதை விடக்கூடாதுக்கா." வேண்டாம் என்று செல்வராணி கெஞ்சினார். மாலைக்குள் அவர் சிரித்த படம் பேஸ்புக்கில் வந்தது. ஏழைத் தாய்க்கு உதவி மறுப்பு என்று தலைப்பு. மறுநாள் சுகுமாறன் போனை எடுக்கவில்லை. அதற்கு மறுநாளும் எடுக்கவில்லை.

செல்வராணி பாராங் கத்தியால் சாயத்தைச் சுரண்டிப் பார்த்தார். உள்ளே வெறும் பலகைதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஜெயபாலன் பேசினார். "வீடு புதுசாட்டம் இருக்கே ராணி, பிரேமலா போன்ல காட்டுனா. எப்ப வந்து கூட்டிட்டுப் போற?"

"தரை இன்னும் ஆகலங்க."

"சுவத்துக்குச் சாயமே அடிச்சாச்சு, தரை ஆகலயா? நான் அங்க வர்றது உனக்குப் பாரமா இருக்கா?"

அவர் பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அதே கேள்வி. செப்டம்பருக்குப் பிறகு ஜெயபாலன் கேட்பதை நிறுத்திக்கொண்டார்.

நவம்பரில் அவரை அந்த மாடியிலிருந்து கீழே இறக்கினார்கள். கம்பத்து ஆட்கள் வேன் பிடித்துப் போயிருந்தார்கள். படிக்கட்டு குறுகல். பெட்டியை முன்பக்கம் சுகுமாறன் பிடித்தார், பின்பக்கம் ரூபேந்திரன். "மெதுவா, மெதுவா" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே இறங்கினார்கள்.

ஜனவரியில் ஆறு மறுபடியும் ஏறியது. மஞ்சள் சுவரில், போன முறையைவிட ஒரு சாண் கீழே, பளிச்சென்று பழுப்புக் கோடு விழுந்தது. செல்வராணி அதைத் துடைக்கவில்லை. யாரையும் தொடவும் விடவில்லை. மூன்றாம் நாள் சுகுமாறன் வந்தார். கோட்டை நான்கு படம் பிடித்தார்.

"இந்த முறை கண்டிப்பா கிடைச்சிரும்க்கா," என்றவர் ஃபாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "வீட்டுல எத்தனை பேர்?"

செல்வராணி அவரையே பார்த்தார்.

"எழுதணும்லா," என்றார் சுகுமாறன், தலையைத் தூக்காமல்.

"ஒருத்தி."